அப்டேட் போட ஆண்டுக் கட்டணமா?

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய கணக்கியல் அலுவலகம் நடத்துகிறேன். மூன்று லாப்டொப்பிலும் உபுண்டு 22.04 இயங்குதளம். சென்ற மாதம் எல்லா அப்டேட்டையும் ஒன்றாகப் போட்டபின் பிரிண்டர் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. இனிப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தானாக ஏறினால் போதும். விற்ற கடைக்காரர் மாதம் ஒருமுறை ஆள் அனுப்பிப் போட்டுத் தருவதாகச் சொல்லி, ஒரு கணினிக்கு வருடம் 6,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இதற்கு மட்டும் என்றால் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பாதுகாப்புத் திருத்தம் மாதக் கடைசி பார்த்து வருவதில்லை. ஆள் வந்துபோன மறுநாள் ஒரு ஓட்டை வெளியானால் அடுத்த வருகை வரை கணினி திறந்தே கிடக்கும்.

நீங்கள் கேட்கும் வேலையைச் செய்ய 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' என்ற நிரல் உபுண்டுவிலேயே இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டு தனிக் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் இறங்கிவரும் இணையச் சேமிப்பிடத்தில், வைத்திருப்பதால், அங்கிருந்து வருவதை மட்டும் அது எடுத்து நிறுவும். பெரும்பாலும் இப்போதே உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும். 'சொஃப்ட்வெயார் அன்ட் அப்டேட்ஸ்' செயலியைத் திறந்து அப்டேட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். முதல் தெரிவில் 'செக்யூரிட்டி அப்டேட்ஸ் ஒன்லி' என்று வையுங்கள். தினமும் சரிபார்க்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு அப்டேட்டுக்கு எதிரே 'டவுன்லோட் அன்ட் இன்ஸ்டோல் ஒட்டோமட்டிக்கலி' என்று கொடுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்துவிட்டு மறந்துவிட முடியாது. சார்ஜர் செருகியிருந்தால்தான் இது நிறுவும். பேட்டரியில் மட்டும் ஓடும் லாப்டொப்பில் காத்திருக்கும். போன் ஹொட்ஸ்பொட் போன்ற, டேட்டா வரம்புள்ள இணைப்பு என்று தெரிந்தாலும் தள்ளிப்போடும். டேட்டா பெக்கேஜுக்கு நல்லதுதான், ஆனால் வாரக்கணக்கில் ஹொட்ஸ்பொட்டிலேயே காலம் தள்ளுகிறவருக்கு அப்டேட்டே ஏறாது. கேர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, திருத்தம் வந்தால் மறுபடி தொடக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். தானாக ரீஸ்டார்ட் ஆவது இயல்பில் நிறுத்தப்பட்டிருக்கும். மூடியை மட்டும் மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற அலுவலகங்களில் பழைய கேர்னலே மாதக்கணக்கில் ஓடும். அலுவலகம் அடைக்கும்போது முறையாக ஷட்டவுன் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அப்டேட் ஏறுவதாகத் திரையில் காட்டினால், அவசரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டாம். பாதியில் நின்ற நிறுவலைச் சரிப்படுத்துவதற்குத்தான் பிறகு ஆளைக் கூப்பிட நேரிடும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கூகிள் குரோம் தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது. ஆகவே இந்த ஏற்பாடு அதைத் தொடாது. வங்கிக் கணக்கையும் வரித் தளத்தையும் குரோமில்தானே திறப்பீர்கள்? அதை வாரம் ஒருமுறை நீங்களே அப்டேட் செய்யுங்கள், அல்லது உபுண்டுவோடு வரும் பயர்பொக்ஸுக்கு மாறுங்கள். பயர்பொக்ஸ் அங்கே ஸ்னப் என்ற தனிப் பொதி வடிவில் இருப்பதால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

உண்மையில் ஏறுகிறதா என்று பார்க்க ஆசையா? கணினியின் வார் (var) கோப்புறைக்குள் லொக் (log), அதற்குள் இந்த நிரலின் பெயரிலேயே ஒரு கோப்புறை. உள்ளே இருக்கும் பதிவில் எந்தத் தேதியில் எந்தெந்த மென்பொருள் பொதி ஏறியது என்று வரிசையாக இருக்கும். ஏதும் இல்லாத நாளில் ஏதும் இல்லை என்றே எழுதியிருக்கும்.

பிரிண்டர் இனிப் பழுதாகவே மாட்டாது என்று நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்புத் திருத்தமும் எப்போதாவது எதையாவது கெடுக்கும். முழு அப்டேட்டைவிட அந்த வாய்ப்புக் குறைவு, அவ்வளவே.

22.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2027இல் முடிகிறது. உபுண்டு புரோ சந்தா, ஐந்து கணினி வரை, சொந்தத் தொழிலுக்கும் இலவசம்; அதில் சேர்ந்தால் 2032 வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். உங்கள் மூன்றும் அதற்குள் அடங்கும். கடைக்காரர் கணக்குக் கோப்புகளுக்குப் பேக்கப் எடுப்பதும் புதிய பதிப்புக்கு மாற்றித் தருவதும் சேர்த்தே 6,000 ரூபா என்றால் அது வேறு கதை. அப்போதும் என்ன செய்வார், எத்தனை நாளுக்குள் வருவார் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.