கேள்வி-பதில்: விமானத்துக்கு விளக்கு வாங்கும் முன்

போன வாரம் காட்பாடியிலிருந்து விமானப் பயிற்சி மாணவர் ஒருவர், இரவுப் பயிற்சிக்கு எந்த டார்ச் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். "சிவப்பு வெளிச்சம் தருவதாகப் பார்த்து வாங்குங்கள், போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த வாரம் முழுவதும்.

நான் விமானப் படையில் தரைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். சிவப்பு போதும் என்கிறீர்களே, சிவப்பு வெளிச்சத்தில் எரிபொருளின் நிறம் தெரியுமா? வரைபடத்தில் சிவப்புக் கோடு தெரியுமா?
– ஒரு வாசகர், கம்மவான்பேட்டை

தெரியாது ஐயா. தப்பு என்னுடையது. காட்பாடித் தம்பியும் இதைப் படிக்கட்டும்.

கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும். பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு. மங்கலான சிவப்பு அந்த அளவுக்குக் கெடுக்காது, சிவப்புக்கு வந்த மவுசு அதனால்தான். ஆனால் சிவப்பு ஒளியில் வெள்ளைத் தாளும் சிவப்பு மையும் ஒரே நிறமாகிவிடும். கோடு இருந்த இடமே தெரியாது. சிறு விமானங்களுக்குப் போடும் 100எல்எல் பெட்ரோல் நீல நிறம். அது சிவப்பு ஒளியில் கறுப்பாகத் தெரியும். பிரேக்கில் கசியும் ஹைட்ராலிக் எண்ணெயும் சிவப்புதான், அதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றிப் பார்க்க நல்ல வெள்ளை டார்ச் ஒன்று. உள்ளே உட்கார்ந்தபின் எழுத்தைப் படிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் தரும், மிக மங்கலான வெள்ளையோ சிவப்போ தரும் இன்னொன்று.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பட்டனை. தலையில் கட்டும் டார்ச்சுகள் பலவற்றில் ஒரே பட்டன்தான்: ஒரு முறை அழுத்தினால் முழு வெள்ளை, அடுத்து பாதி வெள்ளை, அடுத்து கண்சிமிட்டல், கடைசியில்தான் சிவப்பு. சிவப்புக்குப் போவதற்குள் கண் குருடாகிவிடும். அப்படி இரண்டு என் மேஜை டிராயரில் தூங்குகின்றன. சிவப்புக்குத் தனிப் பட்டன் இருக்க வேண்டும், அல்லது போட்டதும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் தொடங்க வேண்டும். எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் செல் போடுவதாக இருந்தால் நல்லது. ரீசார்ஜ் செய்யும் லித்தியம் டார்ச் என்றால் வெயிலில் நிற்கும் விமானத்துக்குள் விட்டுவிட்டு வரக்கூடாது. நம்மூர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்துக் கயிறும் கட்டாயம். கைதவறி விழுந்த டார்ச் உருண்டு போய், விமானத்தைத் திருப்பக் காலால் மிதிக்கும் ரட்டர் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், அதைவிட இருட்டே மேல்.

என் மகன் பைலட் பயிற்சியில் இருக்கிறான். "விமானி டார்ச், 20,000 லூமென்" என்று போட்டிருந்ததை நம்பி ஆன்லைனில் 3,900 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு பென்சில் செல் போடும் டார்ச். வீட்டு டார்ச் அளவுகூட எரியவில்லை. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கிறார்கள்.
– ஒரு தாய், குடியாத்தம்

அம்மா, நீங்கள் ஏமாறவில்லை, ஏமாற்றப்பட்டீர்கள். கணக்கைப் பாருங்கள். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தாராளமாக வைத்தாலும் 20,000 லூமெனுக்கு 200 வாட் வேண்டும். ஒரு பென்சில் செல்லில் இருப்பது ஏறக்குறைய 3 வாட்-மணி, இரண்டிலும் சேர்த்து 6. அந்த வேகத்தில் எரித்தால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காது. 3 வோல்ட்டில் 200 வாட் என்றால் 66 ஆம்பியர், அதைத் தர அந்தச் செல்லால் முடியவே முடியாது. காரில் இருக்கும் சாதாரண எச்4 ஹாலஜன் பல்பே ஹை பீமில் சுமார் 1,650 லூமென்தான். அப்பட்டமான பொய்.

வீடியோ எடுத்தால்தான் திருப்பித் தருவோம் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை, சட்டம் அல்ல. விளம்பரப் பக்கம் மாறுவதற்குள் அதைப் படம் பிடித்து வையுங்கள். பில், டார்ச்சின் படம், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. 3,900 ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கார் கடையில் விற்கும் எல்இடி பாரை விமானத்தின் லேண்டிங் லைட் இடத்தில் மாட்டலாமா?
– ஒரு மாணவர், வாணியம்பாடி

கூடாது. பயிற்சி நிலையத்து விமானத்தில் ஒரு ஸ்குரூவைத் தொடவும் உங்களுக்கு உரிமை இல்லை.

நண்பரும் நானும் சேர்ந்து வாங்கிய 1974 மாடல் செஸ்னா 172, 14 வோல்ட். மூக்கில் உள்ள லேண்டிங் லைட்டின் 4509 பல்பு ஆறு மாதத்துக்கு ஒன்று போகிறது. அதே அளவில் டிராக்டருக்கு விற்கும் எல்இடி வாங்கி மாட்டிவிட்டோம். வெளிச்சம் பிரமாதம், ஆனால் லைட்டைப் போட்டால் ரேடியோவில் உஸ்ஸென்று இரைச்சல். எந்த ஃபில்டர் வாங்கலாம்?
– டெக்சஸிலிருந்து ஒருவர், சொந்த ஊர் சத்துவாச்சாரி

ஃபில்டர் வாங்க வேண்டாம். மாட்டியதைக் கழற்றுங்கள்.

உங்கள் 4509 பல்பின் அளவுக்குப் பெயர் பார் 36, அதாவது நாலரை அங்குல வட்ட விளக்கு. டிராக்டருக்கும் அதே அளவு, விமானத்துக்கும் அதே அளவு. துளையில் பொருந்துகிறது என்பதற்காக எதையும் மாட்டலாம் என்றால் பாலாற்று மணலைக்கூட அதில் நிரப்பலாம். எனக்கு ஆத்திரம் வருவது இந்த விஷயத்தில்தான். லட்சக்கணக்கில் கொடுத்து விமானம் வாங்குகிறவர்கள் விளக்குக்கு வரும்போது வாட் எவ்வளவு, லூமென் எவ்வளவு என்பதைத் தவிர ஒன்றும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவை வேறு.

முதலில், பல்பு கெட்டதா என்று பார்த்தீர்களா? 4509-க்குத் தயாரிப்பாளர் குறித்த ஆயுளே 25 மணி நேரம்தான். 13 வோல்ட்டுக்கு 100 வாட். இன்ஜினுக்குப் பக்கத்தில் மூக்கில் இருந்துகொண்டு அதிர்வு முழுவதையும் வாங்குகிறது. ஆறு மாதம் தாங்கினால் அது நியாயமான வேலைதான் செய்திருக்கிறது.

இரண்டாவது, வயரில் வோல்டேஜ் வீணாகிறதா என்று பார்க்க மல்டிமீட்டர். இன்ஜின் ஓடும்போது விளக்கு முனையில் கை வைக்கக்கூடாது, பக்கத்திலேயே புரொப்பெல்லர். இன்ஜினை நிறுத்தி, வெளி மின்சாரம் கொடுத்து, விளக்கை எரியவிட்டு, பேனலில் எவ்வளவு, விளக்கின் முனையில் எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் அளக்க வேண்டும். இழுப்பது 7.7 ஆம்பியர். பழைய ஸ்விட்ச், தளர்ந்த கிரிம்ப், பூத்துப்போன கிரவுண்ட் இவற்றில் ஒரு வோல்ட், ஒன்றேகால் வோல்ட் சத்தமில்லாமல் போய்விடும். இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். கிரவுண்ட் முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

மூன்றாவது, அந்த இரைச்சல். எல்இடிக்குள் இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. சரியாக மூடப்படாத சர்க்யூட் என்றால் அந்த வெட்டு, பேசும் ரேடியோவின் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையும், அதற்குக் கீழே 108-லிருந்து வழிகாட்டும் ரேடியோ வரையும் ஏறிவிடும். காதுக்குக் கேட்கும் உஸ் பெரிய விஷயமில்லை. தூரத்திலிருந்து மெல்லியதாக வரும் குரல் அதில் மூழ்கிப் போவதுதான் ஆபத்து. எந்த எல்இடி மாட்டினாலும் சோதனை இதுதான்: ரேடியோவில் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிட்டு, கீழே, நடுவே, மேலே என்று நாலைந்து அலைவரிசை மாற்றி, ஒவ்வொன்றிலும் விளக்கைப் போட்டு அணையுங்கள். இரைச்சலின் தொனி மாறக்கூடாது. வழிகாட்டும் ரேடியோவின் திசை காட்டும் விஓஆர் ஊசி அசையக்கூடாது. காந்தத் திசைகாட்டியையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஸ்விட்ச் மட்டும் போட்டு இதையே இன்னொரு முறை.

நான்காவது, தாள். உங்கள் விமானம் சொந்தமாகக் கட்டியதல்ல, வகைச் சான்று பெற்றது. அமெரிக்க விமான ஆணையமான எஃப்ஏஏ-யின் பிஎம்ஏ (உதிரிபாகம் தயாரிக்கத் தரும் ஒப்புதல்) அல்லது எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்யத் தரும் ஒப்புதல்) இருக்கிறதா, அந்த ஒப்புதலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பார்த்து, மெக்கானிக் மாட்டி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே என்றால் நம் நாட்டு விமான ஆணையமான டிஜிசிஏ ஏற்ற மாற்றமாக இருக்க வேண்டும், பொருள் பறக்கத் தகுதியானது என்று சொல்லும் விடுவிப்புச் சான்றும் கூடவே வர வேண்டும். ஒப்புதல் பெற்ற எல்இடி விலை அதிகம்தான், பல மடங்கு. ஆனால் பாதி மின்சாரத்தில் எரியும், அதிர்வுக்கு அறுந்துபோக இழை இல்லை, பகலிலும் போட்டுக்கொண்டே பறக்கலாம், மற்றவர்கள் கண்ணில் படும். வாங்குவதானால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் இன்னொரு 4509. நடுவில் மூன்றாவது வழி கிடையாது.

மாட்டியதும் விளக்கு எங்கே அடிக்கிறது என்று குறியைச் சரிபார்க்க மறக்காதீர்கள். இறங்கும்போது மூக்கைத் தூக்கியதும் மூக்கு விளக்கு வானத்துக்கு அடிக்கும். அதற்கு எல்இடி மட்டும் விதிவிலக்கல்ல.

பேனல் மீட்டர்களுக்கு மேலே உள்ள சின்ன பல்புகளுக்குப் பதில் எல்இடி போட்டுப் பழகினோம். டிம்மரைக் குறைத்தால் பாதி வரை மங்குகிறது, பிறகு சட்டென்று அணைந்துவிடுகிறது. கெட்ட சரக்கா?
– விமானப் பராமரிப்பு படிக்கும் மாணவி, ஆரணி

சரக்கு கெட்டதல்ல. 28 வோல்ட்டுக்கு 327, 14 வோல்ட்டுக்கு 330 என்ற மாடல் எண் கொண்ட இழை பல்புகள் வோல்டேஜ் குறையக் குறைய மெல்லச் சிவந்து மங்கும். எல்இடிக்கு ஒரு வாசல் வோல்டேஜ் உண்டு, அதற்குக் கீழே போனால் ஒன்றுமே எரியாது. பழைய டிம்மர் வோல்டேஜைக் குறைக்கும் வகை. எல்இடிக்கென்று செய்த டிம்மரோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை மட்டும் மாற்றாதீர்கள், ஒரு மீட்டர் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் இருந்தால் கண் ஓயாமல் அங்கேயே போகும். பிளஸ் மைனஸ் மாறினாலும் எரியாது, அதையும் பார்த்துவிடுங்கள்.

இரவில் எங்கள் தெரு மேலே விமானங்கள் பறக்கின்றன. சிவப்பு, பச்சை விளக்கை வைத்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியுமா? பைனாகுலர் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், அரக்கோணம்

வேண்டாம். விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. உங்களுக்கு வலப்பக்கம் சிவப்பும் இடப்பக்கம் பச்சையும் தெரிந்தால் உங்களை நோக்கி வருகிறது. வெள்ளை மட்டும் தெரிந்தால் போய்க்கொண்டிருக்கிறது.

இரவில் வண்டி ஓட்ட மஞ்சள் கண்ணாடி நல்லது என்கிறார்கள். விமானிக்கும் உதவுமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

இருவருக்கும் உதவாது. இருட்டில் கண்ணுக்கு வரும் கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கை அது வடிகட்டிவிடும். நான் 600 ரூபாய்க்கு வாங்கியது இப்போது வெங்காயம் நறுக்கும்போது போட்டுக்கொள்ள உதவுகிறது.