எச்எம்ஆர்சி பிடிஎஃப் கணக்கை ஏற்கவில்லை. ஐஎக்ஸ்பிஆர்எல் கோப்பை நாமே தயாரித்து இணைக்க முடியுமா?

பின்னால் வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கேட்டவரும் அவர் கணவரும் இங்கிலாந்தில், லெஸ்டரில், ஒரு சிறிய கேட்டரிங் கம்பெனி நடத்துகிறார்கள். 2024 ஜூன் 12 அன்று பதிவு, அன்றைக்கே வியாபாரமும் தொடக்கம். முதல் கணக்கு 2025 ஜூன் 30 வரை. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸுக்குக் கணக்கு நேரத்தில் போய்விட்டது, வரியும் கட்டியாயிற்று. வரி ரிட்டர்ன் மட்டும் பாக்கி. அங்குள்ள வரித்துறையான எச்எம்ஆர்சியின் இலவச சேவையில் போடலாம் என்று இருந்திருக்கிறார்கள். அது 2026 மார்ச் 31 அன்று மூடப்பட்டுவிட்டதால் ஒரு மென்பொருள் வாங்கி, கம்பெனீஸ் ஹவுஸுக்குப் போன அதே கணக்கைப் பிடிஎஃப் ஆக இணைத்துப் பார்த்தார்கள். ஏற்கவில்லை.

நீங்களே செய்ய முடியும். நான் சென்னையில், கிண்டியில், இங்கிலாந்துச் சிறு கம்பெனிகளின் கணக்கு முடிக்கும் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருடமும் இந்தக் கோப்புகளில் டேக் போடும் வேலைதான், அதாவது ஒவ்வொரு எண்ணும் என்ன என்று கணினிக்குச் சொல்லும் குறியை ஒட்டும் வேலை. உங்கள் அளவுக் கம்பெனிக்கு இது பெரிய மலை இல்லை. ஆனால் அந்தக் கோப்பு என்ன என்று புரியாமல் தொட்டால் நிச்சயம் சறுக்கும்.

2011 ஏப்ரல் முதல் கம்பெனி வரி ரிட்டர்னை ஆன்லைனில்தான் அனுப்ப வேண்டும். அதில் மூன்று பொருள் போகும்: சிடி600 என்ற படிவம், வருடக் கணக்கு, அந்தக் கணக்கின் லாபத்திலிருந்து வரிக்குரிய லாபத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று காட்டும் கம்ப்யூட்டேஷன். கடைசி இரண்டும் ஐஎக்ஸ்பிஆர்எல் வடிவில் இருக்க வேண்டும்.

ஐஎக்ஸ்பிஆர்எல் கோப்பு அடிப்படையில் ஒரு வலைப்பக்கம். பிரவுசரில் திறந்தால் சாதாரணக் கணக்கு மாதிரியே தெரியும். ஆனால் ஒவ்வொரு முக்கியமான எண்ணுக்குப் பின்னாலும் ஒரு டேக் ஒளிந்திருக்கும். "18,450" என்று கண்ணுக்குத் தெரிகிறது. அதன் டேக்கோ, "இது ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய பாக்கி, 2025 ஜூன் 30 அன்று உள்ள நிலை, அலகு பவுண்டு" என்று சொல்லும். நாம் பக்கத்தைப் படிக்கிறோம், எச்எம்ஆர்சியின் கணினி டேக்கைப் படிக்கிறது. பிடிஎஃபில் இந்த டேக் எதுவும் இல்லை, அதனால்தான் திரும்பி வந்தது.

இதனால் ஒரு எச்சரிக்கை. மென்பொருள் கொடுத்த கோப்பில் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று வேர்டில் திறந்து, திருத்தி, சேமித்துவிடாதீர்கள். பார்க்க அதே பக்கம்தான் இருக்கும், டேக் எல்லாம் போயிருக்கும். ஒரு வாடிக்கையாளர் இப்படிச் செய்துவிட்டு, கடைசி நாள் ராத்திரி "ஒரே ஒரு எழுத்துதான் மாற்றினேன்" என்று போன் செய்தார். திருத்தம் எதுவானாலும் கணக்கு மென்பொருளுக்குள் போய்ச் செய்து, கோப்பைப் புதிதாக எடுங்கள். பிடிஎஃபின் பெயரை மாற்றி வலைப்பக்கம் போல ஆக்குவதும் உதவாது.

சரி, உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கம்பெனீஸ் ஹவுஸுக்குச் சிறு கம்பெனிகள் லாப நட்டக் கணக்கை விட்டுவிட்டு, இருப்புநிலைக் குறிப்பையும் (பேலன்ஸ் ஷீட்) சில விளக்கக் குறிப்புகளையும் மட்டும் அனுப்பலாம். நீங்களும் இரண்டே பக்கம் அனுப்பியதாக எழுதியிருப்பதால் அதைத்தான் செய்திருப்பீர்கள். அது அங்கே சரி. எச்எம்ஆர்சிக்கு அது போதாது. அவர்களுக்கு லாப நட்டக் கணக்கோடு கூடிய முழுக் கணக்கு வேண்டும். அந்த இரண்டு பக்கத்தையே ஐஎக்ஸ்பிஆர்எல் ஆக்கி இணைத்தாலும் அது குறைக் கணக்குதான். உங்கள் மென்பொருளில் கணக்கை வெளியே எடுக்கும்போது எந்தப் பதிப்பு என்று கேட்கும். கம்பெனீஸ் ஹவுஸ் பதிப்பு வேண்டாம், முழுப் பதிப்பை எடுங்கள். இரண்டிலும் இருப்புநிலைக் குறிப்பின் எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு பவுண்டு கூட மாறக் கூடாது.

அடுத்தது, உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்: நீங்கள் அனுப்ப வேண்டியது ஒரு ரிட்டர்ன் அல்ல, இரண்டு. ஜூன் 12 அன்று பதிவான கம்பெனிக்கு முதல் கணக்கு மறு வருடம் ஜூன் மாதக் கடைசி நாள் வரை போவது இயல்பு. ஆனால் கம்பெனி வரிக்கான காலம் 12 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதனால் 2024 ஜூன் 12 முதல் 2025 ஜூன் 11 வரை ஒரு ரிட்டர்ன், 2025 ஜூன் 12 முதல் 30 வரை, அந்த 19 நாளுக்கு, இன்னொன்று. மொத்தம் 384 நாள். வியாபார லாபத்தை 365க்கும் 19க்கும் நாள் கணக்கில் பிரிப்பதுதான் வழக்கம். ஆனால் அடுப்பு, ஃப்ரிட்ஜ், வேன் போன்றவற்றை வாங்கியதற்கான வரிக் கழிவை அப்படிப் பிரிக்கக் கூடாது. வாங்கிய தேதி எந்தக் காலத்தில் விழுகிறதோ அந்தக் காலத்தின் கம்ப்யூட்டேஷனில் போட வேண்டும். ஆக, கணக்குக் கோப்பு ஒன்று, கம்ப்யூட்டேஷன் கோப்பு இரண்டு. எங்கள் அலுவலகத்தில் இரண்டு ரிட்டர்னிலும் அதே கணக்குக் கோப்பைத்தான் இணைப்போம். அனுப்ப வேண்டிய கடைசி நாள் இரண்டுக்கும் ஒன்றே: 2026 ஜூன் 30. வரி கட்டும் நாள்தான் வேறு வேறு. முதலாவதுக்கு 2026 மார்ச் 12, இரண்டாவதுக்கு ஏப்ரல் 1. ஒரே தொகையாகக் கட்டியிருந்தால், எந்தக் காலத்தின் பெயரில் வரவு வைத்திருக்கிறார்கள் என்று உங்கள் ஆன்லைன் கணக்கில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டேஷனில் கம்பெனியின் பெயர், பத்து இலக்க வரி எண், காலத்தின் தொடக்கம், முடிவு இவற்றுக்கும் டேக் உண்டு. அவை சிடி600இல் இருப்பதோடு பொருந்த வேண்டும். இரண்டாவது ரிட்டர்னுக்கு முதலாவதை நகலெடுத்து எண்களை மட்டும் மாற்றி, தேதியை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ரிஜெக்ட் ஆனால் முதலில் இதைப் பாருங்கள். கணக்கில் இயக்குநர் ஒப்புதல் தந்த தேதி, கையெழுத்திட்டவர் பெயர், கம்பெனிப் பதிவு எண், சராசரி ஊழியர் எண்ணிக்கை எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நீங்கள் இருவர் மட்டுமே என்றாலும் அந்த எண்ணிக்கையை எழுத வேண்டும்.

இனி, ரிஜெக்ட் ஆகாமலே தப்பாகப் போகக்கூடியது. எனக்கு இதில்தான் அதிகக் கவலை, ஏனென்றால் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம். ஒரு உணவகத்தின் இருப்புநிலைக் குறிப்பில் கொடுக்க வேண்டிய பாக்கி அடைப்புக்குறிக்குள் இருந்தது, "(18,450)" என்று. அடைப்புக்குறி என்றால் மைனஸ்தானே என்று டேக்கிலும் மைனஸ் போட்டேன். பக்கம் அழகாக இருந்தது, கூட்டலும் சரி. எங்கள் குழுவைப் பார்த்துக்கொண்ட அக்கா கோப்பைத் திறந்து, ஒவ்வொரு எண்ணின் மேலும் மௌஸை வைத்து, டேக் சொல்வதை மெதுவாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். அந்த எண்ணில் நின்றார். "கொடுக்க வேண்டிய பாக்கி, மைனஸ் பதினெட்டாயிரம். அப்படியென்றால் இவர்கள் யாருக்கும் தர வேண்டாம், இவர்களுக்குத்தான் வர வேண்டும், இல்லையா?" என்று கேட்டார். பாக்கி என்ற டேக்கிலேயே "தர வேண்டியது" என்ற பொருள் அடங்கியிருக்கிறது. அடைப்புக்குறி, படிப்பவர் கழித்துக்கொள்வதற்காகப் பக்கத்தில் போடுவது, டேக்கில் வெறும் 18,450தான் இருக்க வேண்டும். தேய்மானமும் மற்றச் செலவுகளும் இப்படியே. உண்மையான நட்டத்துக்கு மட்டும் மைனஸ் வரும்.

நீங்கள் வாங்கிய மென்பொருள் டேக்கைத் தானே போட்டுவிடும். தானாக வரும் டேக் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கணக்கில் நீங்களே சேர்த்த தலைப்புகளில்தான் கோளாறு வரும். "பாத்திர வாடகை" என்று ஒரு தலைப்பு சேர்த்தால் அது எந்த டேக்கில் போய் ஒட்டிக்கொண்டது என்று பாருங்கள். மென்பொருளில் டேக்கைக் காட்டும் வசதி இல்லையென்றால், அரெல் என்ற இலவசத் திறமூல மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்க்கலாம். அக்கா செய்த மாதிரி ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் கணக்குக்கு அரை மணி நேரம் போதும்.

அப்புறம் கணக்கு, கம்ப்யூட்டேஷன், சிடி600 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கணக்கில் உள்ள வரிக்கு முந்தைய லாபத்தில்தான் கம்ப்யூட்டேஷன் தொடங்க வேண்டும். அதில் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டி, வாடிக்கையாளர் விருந்துச் செலவு இருந்தால் அதையும் கூட்டி, அடுப்பு, வேன் போன்றவற்றுக்கான வரிக் கழிவைக் கழித்து வரும் தொகை சிடி600க்குப் போக வேண்டும். படிவத்தின் 145ஆம் கட்டத்தில் எழுதும் விற்பனைத் தொகை, இரண்டு ரிட்டர்னையும் சேர்த்தால் கணக்கில் உள்ள விற்பனைக்குச் சமமாக வர வேண்டும்.

அனுப்பியதும் ஏற்றுக்கொண்டதாக ஒரு ரசீது வரும், அதில் ஐஆர்மார்க் என்று நீளமாக ஒரு குறியீடு இருக்கும். அந்த ரசீதையும், இணைத்த கோப்புகளையும் அப்படியே ஒரு ஃபோல்டரில் வையுங்கள். பின்னால் தப்பு தெரிந்தால் கடைசித் தேதியிலிருந்து 12 மாதம் வரை, உங்களுக்கு 2027 ஜூன் 30 வரை, திருத்தி அனுப்பலாம்.

முதல் ரிட்டர்னை மட்டும் இந்த வாரம் அனுப்பிப் பாருங்கள். திரும்பி வந்தால், அந்தப் பிழைச் செய்தியை அப்படியே, வரி எண்ணையும் கம்பெனிப் பெயரையும் அழித்துவிட்டு, கீழே போடுங்கள். எந்த டேக் என்று பார்த்துச் சொல்கிறேன்.