இத்தாலித் தெருத்தீனி: கேளுங்கள், சொல்கிறேன்

சிசிலி, நேப்பிள்ஸ், ரோம், ஃபுளோரன்ஸ், ஜெனோவா. இந்த ஊர்களின் தெருத்தீனி பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். மற்றதற்கு நான் ஆள் இல்லை.

வைகைக்கரை: எட்டு நாள் பயணம் சார். தெருத்தீனிக்காக ஒரே ஒரு ஊர் என்றால் எது?

சிசிலியின் தலைநகர் பலெர்மோ. மற்ற ஊர்களில் இது நடுவில் கொறிப்பது, பலெர்மோவில் இதுவேதான் சாப்பாடு. பகலில் பல்லரோ, காப்போ சந்தைகளுக்குப் போங்கள். வுச்சிரியா இப்போது ராத்திரியில்தான் களைகட்டும். பானெல்லே (கடலை மாவு வில்லைகளைப் பொரித்து எள் பன்னுக்குள் அடுக்கி எலுமிச்சை பிழிந்தது), அரஞ்சினா (குங்குமப்பூச் சோற்று உருண்டைக்குள் பூரணம் வைத்துப் பொரித்தது), ஸ்ஃபின்ச்சோனே (தக்காளி, வெங்காயம், ரொட்டித்தூள் போட்ட தடித்த மெத்து ரொட்டி) மூன்றும் முதல் நாளே முடித்துவிடலாம்.

ஒரே நிபந்தனை: கண்ணாடிக்குள் குவித்திருப்பதை விட்டுவிட்டு, வாணலியிலிருந்து அள்ளுவதை வாங்குங்கள். காலையில் பொரித்த அரஞ்சினாவை மைக்ரோவேவில் சூடாக்கினால் மேலோடு ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். உள்ளே நடுச்சோறு அப்போதும் சில்லென்றே இருக்கும்.

பிரியா, கோவை: நாங்கள் சுத்த சைவம். எட்டு நாளும் பட்டினியா?

பட்டினி இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கறியைவிடத் தெரியாத கொழுப்பில்தான் ஏமாறுவீர்கள். அதன் பெயர் ஸ்த்ருத்தோ, பன்றிக்கொழுப்பு. நேப்பிள்ஸில் சுன்யா என்பார்கள். அங்கே மிளகு, பாதாம் போட்டு விற்கும் தரால்லி முறுக்கில் அது உண்டு. அடுக்கடுக்கான ஸ்ஃபோலியத்தெல்லா இனிப்பின் மாவிலும் வழக்கமாக உண்டு. எமிலியாவின் ஞோக்கோ ஃப்ரித்தோவைப் பொரிப்பதே அதில்தான். ரொமாஞ்ஞாவின் பியாதீனா சப்பாத்தி மாதிரி சாதுவாகத் தெரியும். அதன் புவிசார் குறியீட்டு விதிப்படி ஸ்த்ருத்தோவும் போடலாம், ஆலிவ் எண்ணெயும் போடலாம். ஆகவே கடைக்குக் கடை கேட்டே ஆக வேண்டும்.

“ஒவ்வாமைப் பட்டியலைப் பார்த்துக்கொள்வோம்” என்று நினைக்காதீர்கள். ஐரோப்பியச் சட்டப்படி அறிவிக்க வேண்டியவை 14: கோதுமை வகை, பால், முட்டை, மீன், எள் என்று போகும். பன்றிக்கொழுப்பு அதில் இல்லை. வாயைத் திறந்து “ச்சே லோ ஸ்த்ருத்தோ?” என்று கேளுங்கள். நம் ஊர் “ச்சே” மாதிரிதான், முகத்தை மட்டும் சுளிக்க வேண்டாம்.

இன்னும் மூன்று குழிகள். அரஞ்சினா ‘அல் பூர்ரோ’ என்றால் வெண்ணெய் அரஞ்சினா. உள்ளே மொஸரெல்லாவோடு பன்றித்தொடை ஹாம் இருக்கும். ஸ்ஃபின்ச்சோனேயில் வெங்காயத்தோடு நெத்திலி கரைந்து கிடக்கும். பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பை நொதி இல்லாமல் உறையாது. அதையும் தவிர்ப்பவர் என்றால் ‘சென்ஸா ஃபொர்மாஜ்ஜோ’, சீஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தைரியமாக வாங்கக்கூடியவை: பானெல்லே (அதே வாணலியில் வேறென்ன பொரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்), ஜெனோவாவின் ஃபரினாத்தா (கடலை மாவைக் கரைத்து ஊற்றிச் சுடும் அடை), நேப்பிள்ஸில் நாலாக மடித்துக் காகிதத்தில் தரும் மரினாரா பீட்சா. மரினாராவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸே கிடையாது.

நந்து: பானெல்லே நம்ம பஜ்ஜிதானே? இதற்குப் போய் விமானம் ஏறணுமா?

மாவு ஒன்று, வேலை வேறு. பஜ்ஜியில் மாவு வெறும் போர்வை. பானெல்லேயில் மாவையே களி கிண்டி, ஆறவைத்து, வெட்டிப் பொரிக்கிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே கஸ்டர்ட் மாதிரி. வீட்டிலேயே செய்து பாருங்கள்.

கடலை மாவு 250 கிராம், தண்ணீர் 750 மில்லி, உப்பு ஒரு தேக்கரண்டி. பச்சைத்தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எதைக் கொண்டும் உடைக்க முடியாது. வடிகட்டி, மிதமான தீயில் கை விடாமல் 20-25 நிமிடம் கிண்டுங்கள். கெட்டியானதும் இறக்கிவிடத் தோன்றும், இறக்காதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வர வேண்டும். அதற்குள் இறக்கினால் பச்சை வாடை நிற்கும், எண்ணெயில் போட்டதும் கரையும். கடைசியில் பொடியாக நறுக்கிய பார்ஸ்லி. எண்ணெய் தடவிய தட்டில் உடனே 4-5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தடவுங்கள், ஒரு நிமிடத்தில் இறுகிவிடும். முழுக்க ஆறிய பிறகு வெட்டி, 180 டிகிரி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரியுங்கள். சோடா உப்பு வேண்டாம், எண்ணெய் குடிக்கும். பெருங்காயம் போட்டால் அது உங்கள் பலகாரம், பலெர்மோவினுடையது இல்லை.

எட்னா நேசன்: அரஞ்சினா என்று எழுதுகிறீர்களே, அது அரஞ்சீனோ இல்லையா?

பலெர்மோவில் பெண்பால் அரஞ்சினா, சிசிலியின் இன்னொரு ஊரான கத்தானியாவில் ஆண்பால் அரஞ்சீனோ. முன்னது உருண்டை, பின்னது பெரும்பாலும் எட்னா எரிமலை மாதிரி கூம்பு.

எட்னா நேசன்: இரண்டில் எது சரி என்று சொல்லாமல் நழுவுகிறீர்கள்.

பல்லரோ பையன்: இதில் என்ன சந்தேகம்? இத்தாலியனில் பழம் பெண்பால், மரம் ஆண்பால். ஆரஞ்சுப் பழம் அரஞ்சா, குட்டி ஆரஞ்சு அரஞ்சினா. மரத்தையா பொரித்துத் தின்கிறார்கள்?

நல்ல அடிதான், ஆனால் பாதி உண்மை. அது பொது இத்தாலியன் இலக்கணம். சிசிலிப் பேச்சுமொழியில் பழமே ஆண்பால், அரஞ்சு. அதிலிருந்து வந்த அரஞ்சீனு இத்தாலியனுக்குப் போகும்போது அரஞ்சீனோ ஆகிறது. ஃபுளோரன்ஸின் மொழிக்கழகம் அக்காதேமியா தெல்லா க்ரூஸ்கா 2016-ல் இதை ஆராய்ந்து இரண்டு வடிவமும் சரி என்றது. சண்டை ஓய்ந்ததா? இல்லை.

பயணிக்கு இலக்கணத்தைவிட வடிவம் முக்கியம். பலெர்மோவில் உருண்டை என்றால் வழக்கமாகக் கொத்துக்கறி, பட்டாணி. நீள்வட்டம் என்றால் அந்த ஹாம் போட்ட பூர்ரோ. இரண்டும் சைவம் இல்லை. கறி என்றால் அதில் மாடும் பன்றியும் இருக்கலாம், அதைத் தவிர்ப்பவர்கள் கவனியுங்கள். கத்தானியாவில் ‘அல்லா நோர்மா’ என்று கேட்டால் கத்தரிக்காய், தக்காளி, சீஸ். பிஸ்தா அரஞ்சீனோ பச்சையாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள், உள்ளே பல கடைகளில் ஹாமோ, மொர்த்ததெல்லா என்ற பன்றித் தொத்திறைச்சியோ வைப்பார்கள்.

எட்னா நேசன்: கூம்புதான் ஆதி வடிவம். உருண்டை பின்னால் வந்தது.

பல்லரோ பையன்: ஆரஞ்சு எங்கே கூம்பாக இருக்கிறது?

இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். அடுத்தவர்.

கறிவேப்பிலை: ரோமில் நல்ல சைவ உணவு?

பிரியாவுக்குச் சொன்னதைப் படியுங்கள். ரோமுக்கென்று ஒன்று: பீட்சா அல் தாலியோ, தகரத் தட்டில் சுட்டு வெட்டித் தருவது. விலைப்பலகையில் ‘எத்தோ’ என்றால் 100 கிராமுக்கு, துண்டுக்கு அல்ல. இதைத் தெரியாமல் கைநிறைய வாங்கிவிட்டுக் கல்லாவில் முழிப்பவர்கள் தினமும் உண்டு. எவ்வளவு அகலம் என்று கையால் காட்டுங்கள், கத்தரியாலோ கத்தியாலோ வெட்டி நிறுத்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு போட்டது ‘கோன் பதாத்தே’. சூப்ளி என்ற சோற்றுருளை பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பல கடைகளில் சோற்றையே கறிச்சாற்றில்தான் வேகவைப்பார்கள்.

ராவுத்தர்: சுவரொட்டி பன் என்று ஏதோ இருக்கிறதாமே?

பானி கா மேவுசா. கன்றின் சுவரொட்டியையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாக அரிந்து, சாய்வான சட்டியில் வதக்கிப் பன்னுக்குள் வைப்பது. ‘ஸ்கெத்து’ என்றால் தனிக்கட்டை, எலுமிச்சை மட்டும். ‘மரிதாத்து’ என்றால் கல்யாணமானது, ரிக்கோத்தா என்ற மெத்துப் பாலாடைக்கட்டியும் துருவிய சீஸும் சேரும். சுவரொட்டியின் இரும்பு வாடை பிடிக்காவிட்டால் இரண்டாவதை வாங்குங்கள். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்: வதக்குவது ஸ்த்ருத்தோவில். ஹலால் பார்ப்பவருக்கு இது ஆகாது.

ஃபுளோரன்ஸில் மாட்டின் நான்காம் இரைப்பை, லாம்ப்ரெதோத்தோ. காய்கறி போட்ட சாற்றில் வெந்தது, ‘பஞ்ஞாத்தோ’ என்றால் பன்னின் மேல்பாதியைச் சாற்றில் முக்கித் தருவார்கள். மாடும் பன்றியும் வேண்டாம் என்றால் அப்ருட்ஸோ பக்கம் அரொஸ்திச்சீனி, செம்மறிக் குச்சிக்கறி. துண்டுகள் ஒரே அளவுச் சதுரமாக இருந்தால் இயந்திரம் வெட்டியது. கோணல்மாணலாக, நடுவில் கொழுப்போடு இருந்தால் கையால் அரிந்தது. கோணலைத் தேர்ந்தெடுங்கள்.

தாமரை: ஜெனோவாவின் ஃபரினாத்தா தோசைக்கல்லில் வருமா?

வராது. ரவா தோசை மாவு போல நீர்த்த கடலை மாவு, ஈயம் பூசிய செம்புத் தட்டு, சுமார் 300 டிகிரி விறகடுப்பு. மேலிருந்து இறங்கும் சூட்டில்தான் அந்தப் பழுப்புத் தோல் பிடிக்கும். மாவைக் குறைந்தது நாலு மணி நேரம் ஊறவிட்டு நுரையை அள்ளிவிட வேண்டும். வீட்டு ஓவனில் தட்டை முதலில் நன்றாகக் காயவைத்து ஊற்றிப் பாருங்கள்.

சுதா: சைவத்துக்கு என்ன கிடைக்கும்?

மேலே.

குமார்: ஷெங்கன் விசா எத்தனை நாளில் வரும்?

தூதரகத்தைக் கேளுங்கள்.

மீனா: வாங்கியதைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

ஊரைப் பொறுத்தது. ரோமின் ஸ்பானியப் படிகளில் 2019 முதல் உட்காரவே கூடாது. வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். கடை ஓரமாக நின்றே முடித்துவிடுங்கள், சூடும் ஆறாது.

யாழ் மைந்தன்: பலெர்மோவில் எங்கட ஆக்கள் இருக்கினமாமே?

இருக்கிறார்கள். இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல, பல்லரோ பக்கமும் உண்டு. பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா குகைக்கோயிலுக்கு ஏறுபவர்களில் நம்மவர்களைப் பார்க்கலாம்.

அகிலா: டிசம்பர் 13 அன்று பலெர்மோவில் இருப்போம். விசேஷமாமே?

சாந்தா லூச்சியா (புனித லூசியா) நாள். பஞ்சத்தில் தானியக் கப்பல் வந்து சேர, மாவாக அரைக்கக்கூடப் பொறுக்காமல் அப்படியே வேகவைத்துத் தின்ற கதையை நினைத்து அன்று ரொட்டியும் பாஸ்தாவும் தொடமாட்டார்கள். அதனால் பானெல்லேயைப் பன் இல்லாமல் வாங்குங்கள். வேகவைத்த கோதுமையில் ரிக்கோத்தா கலந்த குச்சீயா இனிப்பைக் கட்டாயம் கேளுங்கள். ஊரே அரஞ்சினா தின்னும் நாள், நல்ல கடைகளில் வரிசை தெருமுனை வரை நிற்கும். சீக்கிரமே போய்விடுங்கள். பூர்ரோ வாங்குமுன் பிரியாவுக்குச் சொன்னதை இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.