அந்த எபிசோடை இன்று போடலாமா?

வாசகர் கேள்வி–பதில்: இந்த வாரம் மறுஒளிபரப்பு

கேள்வி: பெரிய விபத்து நடந்த அன்று மாலையே, அதே மாதிரிக் காட்சி உள்ள பழைய தொடர் ஓடுகிறது. சேனலில் யாருமே கவனிக்க மாட்டார்களா? (வாசகி, திருச்சி)

பதில்: மறுஒளிபரப்பை அன்றன்று யாரும் உட்கார்ந்து பார்த்துப் போடுவதில்லை. எபிசோடுகளை முன்கூட்டியே பிளேஅவுட் சர்வரில் (ஒளிபரப்புக்கான கணினியில்) வரிசையாக ஏற்றிவிடுவார்கள். நேரம் வந்ததும் தானாக ஓடும். ஒருவர் கைவைத்து நிறுத்தினால்தான் நிற்கும். அதனால் செய்தி வந்த முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். அடுத்த 72 மணி நேர அட்டவணையை எடுத்து, கதைச்சுருக்கத்திலும் வசனப் பிரதியிலும் சொல் தேட வேண்டும். விமான விபத்து என்றால் ‘விமானம்’ மட்டும் போதாது. ‘ஃபிளைட்’, ‘பிளேன்’, ‘பைலட்’, ‘ஏர்போர்ட்’ எல்லாவற்றையும் தேட வேண்டும்.

அப்படியும் சிக்காதவை உண்டு. ‘செயின்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் 1996 எபிசோடு ஒன்றில், கல்யாணப் பத்திரிகைக் கவர்களை நாக்கால் நனைத்து ஒட்டிய பெண், அந்தப் பசையின் நச்சால் இறந்துபோவாள். 2001-ல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி தடவிய கடிதங்கள் வந்து 5 பேர் இறந்தபோது, அந்த எபிசோடை மறுஒளிபரப்பிலிருந்து எடுத்தார்கள். ‘ஆந்த்ராக்ஸ்’ என்று தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது. தொடரை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கேட்பது எந்தத் தேடலையும்விட நம்பகமானது. வசனமே இல்லாத டைட்டில் காட்சியையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ‘தி சொப்ரானோஸ்’ தொடரின் டைட்டிலிலிருந்தே உலக வர்த்தக மையக் கோபுரங்களை நீக்கினார்கள். எந்த எபிசோடைப் போட்டாலும் டைட்டில் வந்துவிடுமே!

மாற்று எபிசோடு நான்கைந்து எப்போதும் கையில் இருக்க வேண்டும். அரை மணி ஸ்லாட்டுக்குச் சுமார் 22 நிமிடம் ஓடுவதாக, ஒப்பந்தப்படி இன்னும் போட உரிமை மீதமுள்ளதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். எபிசோடை எடுத்திருப்பார்கள், அதன் ப்ரோமோ மணிக்கு மூன்று முறை ஓடிக்கொண்டே இருக்கும். இரவு 2 மணி மறுஒளிபரப்பு, வெளிநாட்டு ஃபீட் (வெளிநாட்டுக்குத் தனியாகப் போகும் ஒளிபரப்பு), ஓடிடி ஆப், முன்பே நேரம் குறித்துவைத்த ஃபேஸ்புக் பதிவு ஆகியவற்றையும் தனித்தனியாக நிறுத்த வேண்டும். ஒன்றை நிறுத்தினால் மற்றவை தானாக நிற்காது.

கேள்வி: விளம்பரங்களையும் நிறுத்த வேண்டுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பொருந்தாதவற்றை நிறுத்தத்தான் வேண்டும். விமான விபத்துச் செய்திக்கு நடுவே விமான நிறுவன விளம்பரம் வருவதைப் போலக் கொடுமை இல்லை. ஆனால் காலியாகும் இடத்துக்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜப்பானில் விளம்பரம் தரும் நிறுவனங்கள் ஒட்டுமொத்தமாக விலகின. ‘ஏசி ஜப்பான்’ அமைப்பின் பொதுநல விளம்பரங்கள் சிலவே திரும்பத் திரும்ப ஓடின. ஏற்கெனவே நொந்துபோயிருந்த மக்கள் புகார் செய்ய, ஒவ்வொரு விளம்பரத்தின் முடிவிலும் வரும் இசைத் துணுக்கையே நீக்க வேண்டி வந்தது.

கேள்வி: நிறுத்திய எபிசோடை எத்தனை நாள் கழித்துப் போடலாம்? (வாசகர், மதுரை)

பதில்: நாள் கணக்கு கிடையாது. நிறுத்தும்போதே ஏன் நிறுத்தினோம், யார் சொன்னது, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்ற மூன்றையும் பதிவில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் எபிசோடு நிரந்தரமாகக் கிடப்பில் போகும். அல்லது புதிதாக வந்தவர் விவரம் தெரியாமல் அடுத்த மாதமே தடையை எடுத்துவிடுவார். சம்பவத்தின் நினைவு நாளையும் நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும்.

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. பள்ளி மணிக்கூண்டில் துப்பாக்கியோடு ஒரு மாணவன் நிற்கும் ‘பஃபி’ தொடரின் புது எபிசோடு ஏப்ரல் 27-ல் வர இருந்தது. தள்ளிவைத்து, செப்டம்பர் 21-ல் போட்டார்கள். அந்தக் கதை பரிவோடு எழுதப்பட்டதுதான். ஆனாலும் அந்த வாரம் அந்தக் காட்சியைத் தாங்கும் வாரமல்ல, தள்ளிவைத்தது சரியே. ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் 1997 எபிசோடு ஒன்றில் உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுர வளாகம் முக்கிய இடம் பெறும். 2001-க்குப் பிறகு அதை எடுத்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போட்டபோது, இரு கோபுரங்களின் ஜன்னல்களிலிருந்து இருவர் திட்டிக்கொள்ளும் இடத்தில் கைவைத்தார்கள். ஒரு வசனத்தை வெட்டினால் போதும் என்றால், முழு எபிசோடையும் புதைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: நடித்தவர் இறந்துவிட்டால்? (வாசகி, கோவை)

பதில்: அவர் நடித்ததை மறைக்க வேண்டியதில்லை; பார்வையாளரைத் திடுக்கிட வைக்கக் கூடாது, அவ்வளவுதான். 2003 செப்டம்பர் 11-ல் அமெரிக்க நடிகர் ஜான் ரிட்டர் இறந்தபோது, ‘8 சிம்பிள் ரூல்ஸ்’ தொடரில் அவர் நடித்து முடித்த மூன்று எபிசோடுகள் மிச்சமிருந்தன. உடன் நடித்த கேட்டி சாகல் முன்னுரை சொல்ல, ஏபிசி சேனல் அவற்றை ஒளிபரப்பியது. தமிழில் ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் காலமானார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். இப்படிப்பட்ட தொடரின் பழைய எபிசோடுகளைப் போடும்போது தொடக்கத்தில் ஒரு அஞ்சலி அட்டை போதும். பழைய ப்ரோமோவை அப்படியே ஓட்டக் கூடாது.

அஞ்சலியாகப் படம் போடுபவர்கள் முழுப் படத்தையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மாலை போட்ட போட்டோ, பாடை, மாரடைப்பை வைத்துக் காமெடி எனப் பல படங்களில் இருக்கும். தற்கொலை என்றால், முறையைக் காட்டும் காட்சி வரவே கூடாது. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐத் திரையில் காட்ட வேண்டும். ப்ரோமோ போடுவதற்கு முன் குடும்பத்தாருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். பிரிட்டனில் பழைய துயரச் சம்பவங்களை ஆராயும் நிகழ்ச்சி என்றால், முடிந்தவரை குடும்பத்தாருக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று அங்குள்ள ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதியே இருக்கிறது.

கேள்வி: எச்சரிக்கை அட்டை போட்டால் போதாதா? (வாசகர், நெல்லை)

பதில்: சில இடங்களில் போதும். ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்கள் பலவற்றில், துக்க காலத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் வழக்கமில்லை. அதனால் அங்குள்ள சேனல்கள், இறந்தவர்களின் உருவமோ குரலோ இதில் வரலாம் என்று முன்கூட்டியே சொல்கின்றன. 2017-ல் மறைந்த பழங்குடிப் பாடகர் குருமுலின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அவர் குடும்பம் அனுமதி தந்த பிறகே ஊடகங்கள் பயன்படுத்தின. அட்டை முதல் காட்சிக்கு முன்பே வர வேண்டும். வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். டீசர் (முன்னோட்டத் துணுக்கு) ஓடி முடிந்த பிறகு வரும் அட்டையால் பயனில்லை, இறந்தவரின் முகம் அதற்குள் திரையில் வந்துவிட்டிருக்கும்.