ஆப்பிள் பக்தரா நீங்கள்?

கேள்வி: ஆறு வருஷமாக ஐபோன்தான். மச்சான் முதல் கடைப் பையன் வரை ‘ஆப்பிள் பக்தர்’ என்கிறார்கள். ஆண்ட்ராய்டுக்கு மாறவும் பயம். நான் நிஜமாகவே பக்தர்தானா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தப் பட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஒரே கடையில் அல்வா வாங்குவது நாக்கின் விருப்பம். நாளைக்கே கடை மாற்றலாம், நஷ்டமில்லை. போனில் அப்படியா? சாட், போட்டோ, காசு கொடுத்து வாங்கிய ஆப் எல்லாம் அங்கே கிடக்கின்றன. உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பயம்தான். அதைத் தீர்க்கலாம்.

முதலில் வாட்ஸ்அப். புது போனை முதன்முறை செட் செய்யும்போதே கேபிளில் ஐபோனுடன் இணையுங்கள். ஐபோன் 14 வரை லைட்னிங்–டைப் சி கேபிள். 15 முதல் இருபுறமும் டைப் சி. திரையில் வரும் கியூஆர் கோடை ஐபோனில் ஸ்கேன் செய்தால் சாட் நகரும். நாலு நாள் ஓட்டிவிட்டு யோசித்தால், புது போனை ரீசெட் செய்ய வேண்டி வரலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

சிம்மைக் கழற்றும் முன் செட்டிங்ஸில் ஐமெசேஜை (ஐபோன்களுக்குள் நெட் வழியே மெசேஜ் அனுப்பும் ஆப்பிள் வசதி) அணைத்துவிடுங்கள். மறந்தால் மற்ற ஐபோன்காரர்கள் அனுப்பும் மெசேஜ் உங்களுக்கு வராமல் போகலாம். ஐகிளவுடில், அதாவது ஆப்பிளின் ஆன்லைன் சேமிப்பில், உள்ள போட்டோக்களை கூகுள் போட்டோஸுக்கு நகலெடுக்க ஆப்பிளின் பிரைவசி பக்கத்திலேயே வசதி உண்டு. 3 முதல் 7 நாள் ஆகும். வாங்கிய ஆப்களுக்கு மட்டும் மறுபடி காசு.

எல்லாம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள்.