முதல் மழை தொட்டிக்குள் போகக் கூடாது: மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து வீடுகளின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணே, தகரக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறோம். நாலைந்து நாளில் மஞ்சளாகி வாடை அடிக்கிறது. தொட்டியைக் கழுவியும் பயனில்லை.

கோளாறு தொட்டியில் இல்லை, கூரையில் இருக்கிறது. மழை இல்லாத நாள்களில் பறவை எச்சம், வௌவால் எச்சம், செம்மண் தூசி, சருகு எல்லாம் அங்கே சேர்கின்றன. மழை பிடித்ததும் முதலில் வடியும் தண்ணீர் அத்தனையையும் கழுவிக்கொண்டு வருகிறது. அதை வெளியே விட்டாலே பாதி வேலை முடிந்தது.

கூரையிலிருந்து இறங்கும் குழாயில் ஆங்கில ‘T’ வடிவ இணைப்பு ஒன்று வையுங்கள். அதன் பக்கவாட்டுக் கிளை தொட்டிக்குப் போகட்டும். நேர்க்குழாய் கீழே தொடர்ந்து இறங்கி, அடியில் மூடியோடு முடியட்டும். அழுக்குத் தண்ணீர் முதலில் இந்தக் குழாயை நிரப்பும். நிரம்பிய பிறகு வருவதுதான் தொட்டிக்குப் போகும். உள்ளே மிதக்கும் பந்து ஒன்று போட்டால், நிரம்பியதும் அது மேலேறி வாயை அடைத்துக்கொள்ளும், அழுக்கு திரும்பக் கலக்காது. மூடியில் சிறு துளை போடுங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, குழாய் அடுத்த மழைக்குக் காலியாகிவிடும். துளையைச் சேறு அடைக்கும், அதனால் திருகிக் கழற்றும் மூடியாகவே வாங்குங்கள்.

எவ்வளவு தண்ணீரை ஒதுக்க வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். குறைந்தது அரை மில்லிமீட்டரை ஒதுக்குங்கள். கூரை 60 சதுர மீட்டர் என்றால் 30 லிட்டர். நாலங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர்தான் பிடிக்கும், நாலு மீட்டர் உயரம் தேவைப்படும். ஆறங்குலக் குழாய் என்றால் இரண்டு மீட்டருக்குள் முடிந்துவிடும். மரத்தடி வீடாக இருந்தால் 2 மில்லிமீட்டர் வரை ஒதுக்குவது நல்லது. அது 120 லிட்டர், தனி டிரம்மே வைத்துவிடுங்கள்.

பால்மர (ரப்பர் மர) இலை, கூரையோரத் தண்ணீர் ஓடும் பீலியை அடைக்கிறதே?

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை கொட்டும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை பீலியை அள்ளித்தான் ஆக வேண்டும்.

கொசு வலை எங்கே போடுவது?

தண்ணீர் உள்ளே வரும் வாயிலும், நிரம்பி வழியும் குழாயின் வாயிலும். இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் போதும். டெங்கிக் காய்ச்சலை வீட்டுக்குள் வளர்க்காதீர்கள். வலைக் கண் 1 மில்லிமீட்டருக்கும் சிறிதாக இருக்கட்டும்.

பிள்ளைகள் குடிக்கலாமா அண்ணே?

குழாய்த் தண்ணீர் வரும்போது வேண்டாம் அக்கா. துணி, கழிவறை, செடிக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டப் பக்கம் எலி அதிகம், அதன் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வரும். வேறு வழியே இல்லையென்றால் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விடுங்கள். கிருமி சாகும், ஆனால் தோட்டத்தில் அடிக்கும் மருந்தின் நச்சு போகாது.

பக்கத்துச் செம்பனையில் மருந்து அடிக்கிறார்களே?

அன்றைக்குத் தொட்டிக்குப் போகும் குழாயைக் கழற்றி வெளியே திருப்பிவிடுங்கள். ஒரு நல்ல மழை கூரையைக் கழுவிய பிறகு மாட்டுங்கள்.