முதல் காட்சியே கப்பலில்: கடற்கொள்ளையர் கேம்பெயினில் கேரக்டர்களை எப்படி அறிமுகப்படுத்துவது?

கேள்வி: ஐந்து பிளேயர்கள், நான் டி.எம். (கதையை நடத்துவது என் வேலை). ஒரு வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம், ஆளுக்கொரு கேரக்டராக மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை ஆடும் விளையாட்டு. அடுத்த மாதம் கடற்கொள்ளையர் கதையாக ஒரு புதிய கேம்பெயின், அதாவது பல செஷன்களுக்குத் தொடரும் கதை, தொடங்கப் போகிறோம். போன முறை கேரக்டர் அறிமுகத்துக்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ஒருவர் மூன்று பக்கம் எழுதி வந்து வாசித்தார். இன்னொருவர் "மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறேன், யாரோடும் பேச மாட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் யாருக்கும் யார் பெயரும் ஞாபகம் இல்லை. இந்த முறை ஐந்து பேரும் கேப்டனாக வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. எப்படி ஆரம்பிக்கலாம்?

பதில்: உங்கள் பிளேயர்கள் மேல் தப்பில்லை. "உன் கேரக்டரைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டால் யாரும் பிறந்த ஊரிலிருந்துதான் தொடங்குவார்கள். எரிந்த கிராமம், இறந்த அப்பா, பழிவாங்கும் சபதம். எழுதியவருக்கு அது உயிரான விஷயம். கேட்கிற மற்ற நான்கு பேருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. "இவரிடம் நான் என்ன பேசலாம், எதற்கு இவரை நம்பலாம், எதில் இவரோடு மோதலாம்" என்பது தெரிந்தால்தான் ஒரு கேரக்டர் மனதில் நிற்கும்.

கடற்கொள்ளையர் கதையில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அறிமுகத்துக்கென்றே ஒரு காட்சியை வரலாறு தயாராக வைத்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரீபியன் கடலிலும் அட்லாண்டிக்கிலும் திரிந்த கொள்ளைக் கப்பல்களில், புதிதாகச் சேருகிறவர் முதலில் கப்பலின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு, எதற்கு என்ன தண்டனை, கை கால் போனால் எவ்வளவு நஷ்டஈடு என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் முதல் காட்சி அந்தக் கையெழுத்துதான். எல்லோரும் சத்திரத்தில் சந்திக்கும் வழக்கமான தொடக்கம் வேண்டாம், மூலையில் முக்காடும் வேண்டாம். கப்பல் கிளம்பத் தயாராக நிற்கிறது, நடுத்தளத்தில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து அதன்மேல் தாளை விரித்திருக்கிறார்கள், ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட வேண்டும்.

ஒப்பந்தம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு பார்த்தலோமியு ராபர்ட்ஸின் கப்பலைப் பாருங்கள். 1719இல் ஓர் அடிமை வணிகக் கப்பலில் மூன்றாம் துணை அதிகாரியாக இருந்தபோது கொள்ளையரிடம் பிடிபட்டவர் அவர். சில வாரங்களிலேயே அந்தக் கொள்ளையர்கள் அவரைத் தங்கள் கேப்டனாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1722 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கடற்கரையோரம் சண்டையில் இறப்பதற்குள் ஏறத்தாழ 400 கப்பல்களைப் பிடித்திருந்தார். அவர் கப்பலின் விதிகளாக நமக்குக் கிடைத்திருப்பவற்றில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. கேப்டனுக்கும், சோறும் பங்கும் பிரித்துக் கொடுக்கும் குவார்ட்டர்மாஸ்டருக்கும் இரண்டு பங்கு. வழி பார்த்துச் செலுத்துபவர், கயிறும் பாயும் கவனிப்பவர், பீரங்கித் தலைவர் ஆகியோருக்கு ஒன்றரைப் பங்கு. காசு வைத்துச் சீட்டோ தாயமோ ஆடக் கூடாது. இரவு 8 மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். அதற்குமேல் குடிக்க நினைப்பவர் திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து குடிக்கலாம். வாத்தியக்காரர்களுக்கு ஓய்வுநாளன்று வாசிக்காமல் இருக்க உரிமை உண்டு, மற்ற ஆறு நாளும் யாராவது தயவு காட்டினால்தான் ஓய்வு.

இந்த விதிகளை அப்படியே எடுத்து உங்கள் கேரக்டர்கள் மேல் வைத்துப் பாருங்கள். மந்திரவாதிக்கு இரவில்தான் மந்திரப் புத்தகம் படிக்க வேண்டும், ஆனால் 8 மணிக்கு விளக்கு அணைந்துவிடும். கையெழுத்திடும் முன் அவர் அதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். இருட்டிலும் கண் தெரியும் எல்ஃப் இனக் கேரக்டர் பக்கத்தில் நின்றால், "நான் வாசித்துச் சொல்கிறேன், எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்க ஒரு வழி பிறக்கிறது. பாடகர் கேரக்டர் வைத்திருப்பவர் ஓய்வுநாள் உரிமையை வைத்தே வாதம் தொடங்கலாம். ஆழ்கடல் சக்தி ஒன்றோடு ஏற்கெனவே உடன்படிக்கை செய்துகொண்ட வார்லாக் பேனாவை எடுக்கத் தயங்குகிறார்: இரண்டு ஒப்பந்தமும் மோதினால் எது செல்லும்? அவர் மூன்று பக்கம் வாசிக்கத் தேவையில்லை, அந்தத் தயக்கமே மற்றவர்களுக்குப் போதும். "ஏன் நடுங்குகிறாய்?" என்று யாராவது கேட்பார்கள். கதை அங்கே ஆரம்பித்துவிட்டது.

காட்சியை நடத்துவது குவார்ட்டர்மாஸ்டர். அது நீங்கள் நடிக்கும் பாத்திரமாக இருக்கட்டும். அவர் ஒவ்வொருவரிடமும் நான்கே கேள்வி கேட்கிறார். கப்பலில் உன்னால் என்ன வேலை செய்ய முடியும்? உடம்பில் எங்கே அடி வாங்கியிருக்கிறாய்? இங்கே யார் உனக்காகச் சாட்சி சொல்வார்? இந்தத் தாளில் எந்த விதி உனக்கு ஒத்துவராது? இந்த நான்கையும் ஒரு வாரம் முன்பே பிளேயர்களுக்கு அனுப்பிவிடுங்கள். பதில் ஒவ்வொன்றும் ஓரிரண்டு வாக்கியத்துக்குமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் கால் மணி நேரம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டால் அரை மணி ஆகும், ஆகட்டும்.

அடி பட்ட இடத்தைப் பற்றிய கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், என் அனுபவத்தில் நான்கிலும் அதுதான் அதிகம் தருகிறது. 17ஆம் நூற்றாண்டுக் கரீபியன் கொள்ளையரிடம் உறுப்புக்கு இவ்வளவு என்று கணக்கே இருந்தது: வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளிக் காசு, இடது கைக்கோ வலது காலுக்கோ 500, இடது காலுக்கு 400, கண்ணுக்கோ விரலுக்கோ 100. கடற்கொள்ளையர் கேம்பெயின் என்றாலே ஒருவராவது கண்ணில் துணிப்பட்டையோடு வருவார். "கண் எப்படிப் போனது?" என்று கேட்டால் ஒரு சண்டைக் கதை வரும், கேட்டதும் மறந்துபோகும். "கண்ணுக்குக் கொடுத்த நூறு காசு எங்கே போனது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் மேசையில் நடந்தது கிட்டத்தட்ட இப்படி:

"உனக்கு என்ன வேலை தெரியும்?"

"கயிறு. முடியவும் தெரியும், அவிழ்க்கவும் தெரியும்."

"இடது கையில் இரண்டு விரலைக் காணோமே?"

"போன கப்பலில் போயிற்று. இருநூறு கொடுத்தார்கள்."

"அந்தக் காசு?"

"என் தங்கை ஒரு சூனியக்காரியிடம் கடன் வாங்கியிருந்தாள். கொண்டுபோய்க் கட்டினேன். பாதிதான் தீர்ந்தது."

மூன்றே பதில். அவர் எழுதி வைத்திருந்த பின்னணி இரண்டு பக்கம், அதிலிருந்து வெளியே வந்தது இவ்வளவுதான். ஆனால் அடுத்த பத்து செஷனுக்கும் கப்பலில் எல்லோருக்கும் அந்தத் தங்கை ஞாபகத்தில் இருந்தாள். மீதிப் பக்கங்கள் வீணாகவில்லை, நான் வாங்கி வைத்துக்கொண்டு தேவைப்பட்டபோது ஒவ்வொன்றாக எடுத்தேன். நீளமாக எழுதுகிறவரிடம் எழுதாதே என்று சொல்லாதீர்கள். அது அவருடைய ஆசை. எழுதியதை உங்களிடம் தரச் சொல்லுங்கள், மேசையில் வாசிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாட்சிக் கேள்விக்கும் முன்கூட்டியே கொஞ்சம் வேலை உண்டு. ஒவ்வொருவரும் தனக்கு இடப்பக்கம் உட்காரப் போகிறவரோடு ஒரு பழைய தொடர்பு வைத்துக்கொள்ளட்டும். ஒரே சிறையில் இருந்தவர்கள், ஒரே கேப்டனிடமிருந்து ஓடி வந்தவர்கள், ஒருவர் மற்றவருக்குக் காசு பாக்கி வைத்திருப்பவர் என்று எதுவானாலும் சரி. குவார்ட்டர்மாஸ்டர் "இவனை யாருக்குத் தெரியும்?" என்று கேட்கும்போது அடுத்தவர் வாயைத் திறந்தாக வேண்டும். அப்புறம் யாரும் தனியாக மூலையில் உட்கார முடியாது.

முக்காடு போட்ட உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். யாரோடும் ஒட்டாத ஆளாக விளையாடப் பலருக்கு ஆசை. அதைத் தடுக்க வேண்டாம், அவர் கப்பலை விட்டுப் போக முடியாத காரணத்தை மட்டும் கொடுங்கள். வரலாற்றில் அப்படி ஒருவர் இருக்கிறார்: தாமஸ் டேவிஸ் என்ற வேல்ஸ் தச்சர். 1716 கடைசியில் கொள்ளைக் கேப்டன் சாமுவேல் பெல்லமியின் ஆட்கள் அவர் இருந்த கப்பலைப் பிடித்தார்கள். மரக்கப்பலுக்குத் தச்சர் உயிர்போல, அதனால் அவரை விடவில்லை. மற்றவர்களில் பலர் விருப்பத்தோடு வந்தவர்கள், இவர் கட்டாயத்தில் வந்தவர். 1717 ஏப்ரலில் பெல்லமியின் விடா கப்பல் அமெரிக்காவின் கேப் காட் அருகே புயலில் உடைந்தபோது அந்தக் கப்பலிலிருந்து உயிரோடு கரை சேர்ந்தவர்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் டேவிஸ். பாஸ்டனில் விசாரணை நடந்தது. கட்டாயப்படுத்தப்பட்டவர் என்று விடுதலை செய்தார்கள். இதை உங்கள் நண்பருக்குச் சொல்லிப் பாருங்கள். தச்சராகவோ வைத்தியராகவோ அவர் கேரக்டர் வரட்டும். தாளில் கையெழுத்திட மறுக்கட்டும், ஏனென்றால் பிடிபட்டால் அந்தக் கையெழுத்துதான் தூக்குக் கயிறு. ஆனால் கப்பலில் எல்லோருக்கும் அவர் வேண்டும், நாளுக்கு நான்கு பேர் அவரைத் தேடி வருவார்கள். ஒட்டாமலும் இருக்கலாம், கதைக்கு நடுவிலும் இருக்கலாம்.

கேப்டன் பதவி பற்றிய பயத்துக்கும் பதில் அதே வரலாற்றில் இருக்கிறது. கொள்ளைக் கப்பலில் கேப்டனின் முழு அதிகாரம் துரத்தும்போதும் சண்டையின்போதும் மட்டும்தான். மற்ற நேரத்தில் பெரும்பாலானதை ஓட்டு முடிவு செய்யும். சோறு, தண்டனை, பங்கு பிரிப்பது எல்லாம் குவார்ட்டர்மாஸ்டர் கையில். 1718 நவம்பரில் சார்ல்ஸ் வேன் என்ற கொள்ளைக் கேப்டன் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு மோதாமல் விலகிப் போனார். மறுநாளே அவருடைய ஆட்கள் ஓட்டுப் போட்டு, கோழை என்று சொல்லி அவரை இறக்கிவிட்டு, குவார்ட்டர்மாஸ்டராக இருந்த ஜாக் ராக்கமைக் கேப்டனாக்கினார்கள். பெரிய கேப்டனுக்கே இதுதான் நிலைமை என்று தெரிந்தால் உங்கள் பிளேயர்கள் அந்தப் பதவியை வேறு விதமாகப் பார்ப்பார்கள். தொடக்கத்தில் கேப்டன் உங்கள் பாத்திரமாகவே இருக்கட்டும், வயதானவராக, ஏதோ ஒரு முடிவில் பிசகப் போகிறவராக. மூன்றாவது நான்காவது செஷனில் ஓட்டெடுப்பு வரட்டும். அதற்குள் மேசைக்கே தெரிந்துவிடும், யார் சொன்னால் மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று.

பணக்கார வீட்டுப் பிள்ளையாக வர விரும்புகிறவருக்கும் இடம் இருக்கிறது. கரீபியன் தீவான பார்படோஸில் தோட்டங்கள் வைத்திருந்த ஸ்டீட் பானெட் 1717இல் சொந்தக் காசில் கப்பல் வாங்கி, கொள்ளையருக்கு வழக்கமில்லாத முறையில் சம்பளம் பேசி ஆள் சேர்த்துக் கடலுக்குப் போனார். கடல் தெரியாதவர். அப்படிப்பட்டவர் உங்கள் பீப்பாய்க்கு முன் வந்து நின்று "எனக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டால் மற்ற நால்வரும் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பட்டப்பெயரைத் தானே வைத்துக்கொள்ள யாரையும் விடாதீர்கள். ராக்கமைக் 'காலிகோ ஜாக்' என்று அழைத்தது அவர் உடுத்திய பருத்தித் துணியால். அந்தத் துணியின் பெயரே நம் கோழிக்கோட்டிலிருந்து போனது. பட்டப்பெயர் என்பது மற்றவர்கள் கண்ணில் பட்டதிலிருந்து வருவது. முதல் செஷன் முடிவில் ஒவ்வொரு கேரக்டருக்கும் மற்ற பிளேயர்கள் பெயர் வைக்கட்டும். நாங்கள் அந்தக் கயிற்றுக்காரருக்கு 'பாதிக் கடன்' என்று வைத்தோம். கேரக்டர் ஷீட்டில் இருந்த நீளப் பெயரை அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், டைஸைத் தொடுவதற்கும் முன்னால், ஆறு பேரும் உட்கார்ந்து ஒரு பேச்சுப் பேச வேண்டும். மேலே சொன்ன விடா, கறுப்புத் தாடிக்காரர் எட்வர்ட் டீச்சின் 'ராணி ஆனின் பழிவாங்கல்' இரண்டுமே கொள்ளையர் கையில் விழும் முன் அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்கள். மனிதரை விற்பது, சித்திரவதை, பிடிபட்ட பெண்களுக்கு நேர்ந்தது, இவை அந்த உலகில் உண்மையாக இருந்தவை. உங்கள் கற்பனைக் கடலில் இவற்றில் எது வரும், எது வரவே வராது என்பதை எல்லோரும் சேர்ந்து தீர்மானியுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள். முடிவானதை ஒப்பந்தத்திலேயே ஒரு விதியாக எழுதிவிடலாம்: "இந்தக் கப்பலில் எவரும் அடிமையில்லை, எவரையும் விற்பதில்லை." எங்கள் கப்பலில் அதுதான் முதல் வரி.

தாளை நிஜமாகவே தயார் செய்யுங்கள். கெட்டித் தாள், டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் பழையதுபோல் இருக்கும். விதிகளை நடுவில் எழுதி, கையெழுத்துகளைச் சுற்றி வட்டமாகப் போடச் சொல்லுங்கள். அந்தக் காலத்து மாலுமிகள் புகார் மனுக்களில் அப்படித்தான் கையெழுத்திடுவார்கள், முதலில் போட்டவர் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. உங்கள் ஐந்து பேரும் கேரக்டரின் பெயரில் கையெழுத்திடட்டும். எழுதத் தெரியாத கேரக்டர் என்றால் ஒரு குறி போடட்டும். அந்த வட்டத்தில் ஒன்றிரண்டு இடம் காலியாக விட்டு வையுங்கள். நடுவில் புதிதாக ஒரு பிளேயர் சேரலாம், யாருடைய கேரக்டராவது இறந்து அவர் வேறொன்றோடு வரலாம். பிடிபட்ட கப்பலிலிருந்து ஆளெடுப்பது கொள்ளையரின் வழக்கம்தான், அதனால் அவரைக் கொண்டுவர நீங்கள் புதிதாகக் கதை தேட வேண்டியதில்லை. அன்று குவார்ட்டர்மாஸ்டரின் நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டியவர்கள் உங்கள் பழைய ஐந்து பேர்.